நெடுநாள் நின்ற வண்டியை வாங்கலாமா?

நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்றாகிலும் அத்தகைய வண்டி இருக்கும். திண்ணை ஓரத்திலோ, மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ, மாடிப்படியின் அடியிலோ கிழிந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, காற்றிழந்த சக்கரங்களின்மேல் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் அது. அதன் கைப்பிடியில் துணி காயும். இருக்கையின்மேல் கோழி ஏறிப் படுக்கும். வண்டியை வாங்கியவர் துபாய்க்கோ குவைத்துக்கோ பிழைக்கச் சென்றிருப்பார். அல்லது முழங்கால் வலியினால் ஓட்டுவதை நிறுத்தியிருப்பார். அல்லது இவ்வுலகை விட்டே சென்றிருப்பார். ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின், "சும்மாதானே நிற்கிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்" என்று வீட்டார் பேசத் தொடங்குவர்.

அதே தெருவில் இன்னொரு குடும்பம் இருக்கும். மகனுக்குப் பத்துக் கல் தொலைவில் வேலை கிடைத்திருக்கும். பேருந்து நேரத்துக்கு வராது. புதிய வண்டி வாங்கவோ கையில் பணமில்லை. தவணைக்கு வாங்கினால் வட்டி கழுத்தை இறுக்கும். அக்குடும்பத்தின் கண்ணில் இவ்வண்டி படுகிறது. "அதிகம் ஓடாத வண்டி, எட்டாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, விலையும் மலிவு" என்று தரகர் ஒருவர் வந்து சொல்கிறார். இவ்வாறு நின்ற வண்டியை வாங்கலாமா, கூடாதா என்று நம்மிடம் வந்து கேட்போர் பலர். கிளை ஊர்களுக்கெல்லாம் இருசக்கர வண்டியிலேயே சென்றுவரும் நமக்கு இதில் சிறிது பழக்கம் உண்டு என்பது அவர்களுடைய எண்ணம். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே தொகுத்துச் சொல்ல விழைகிறோம்.

வாங்கலாம் என்பதே நம் விடை. ஆனால் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் பெரியோர். விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும். எங்கே பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்பதே கேள்வி.

நிற்பதனால் கெடுவது எங்ஙனம்?

ஓடினால்தான் வண்டி தேயும், நின்றால் அப்படியே இருக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. நம் ஊர்ப் பட்டறையில் நாற்பது ஆண்டுகளாக வண்டி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இதனை ஒரே வரியில் மறுத்தார்: "ஓடுற வண்டி சொல்லிக்கிட்டே கெடும், சாமி; நிக்கிற வண்டி சொல்லாமக் கெடும்." அவர் சொன்னதன் உண்மையைச் சற்று விரித்துக் காண்போம்.

முதலாவதாகப் பெட்ரோல். தொட்டியில் விடப்பட்ட பெட்ரோலின் மெல்லிய பகுதிகள் மெல்ல மெல்ல ஆவியாகிவிடும். எஞ்சியது நாளடைவில் பிசின்போல் தடித்து, புளித்த வார்னிஷ் நாற்றம் வீசும். கார்புரேட்டரின் உள்ளே பெட்ரோல் செல்லும் சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரிலும் குறுகியது. அத்துளை அடைபடுவதற்குச் சிறிதளவு பிசினே போதும். மேலும் இந்நாட்களில் நாம் போடும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. 2025-ஆம் ஆண்டில் நம் நாடு 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் ஒன்றுகூடிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். தொட்டி துருப்பிடிப்பதற்கு இதுவே வழி. இக்கலப்பை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களும் கெடக்கூடும்.

2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி செய்யப்பட்ட வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் இன்ஜெக்டரும், தொட்டிக்குள் பம்பும் உண்டு. கார்புரேட்டரையேனும் கழற்றிக் கழுவிவிடலாம். பம்பு பழுதானால் செலவு பெரிது. ஆகவே புது மாதிரி வண்டி நின்றாலும் கெடாது என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவதாக என்ஜின். ஓடும்போது சிலிண்டரின் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்கும். நின்றுவிட்டால் எண்ணெய் அனைத்தும் கீழே வடிந்துவிடும். ஈரக்காற்று உள்ளே புகுந்து, பிஸ்டன் வளையங்கள் நின்ற இடத்திலேயே சிலிண்டரோடு துருவினால் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் தட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பழைய இருவீச்சு வண்டிகளில் இந்தச் சீல்கள் காய்ந்தால், அவற்றின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோலும் அதனுடன் கலந்துவரும் எண்ணெயும் தேவைக்குக் குறைந்து, என்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டிச் செல்லும்போது பின்சக்கரம் திடீரென இறுகி நின்றால் ஓட்டுபவர் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக ரப்பரும் மின்சாரமும். காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்ற டயர் அவ்விடத்தில் தட்டையாகும். பக்கச் சுவர்களில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். பேட்டரியோ சில மாதங்கள் மின்னூட்டம் இன்றி நின்றாலே உள்ளே உப்புப் படிந்து உயிரிழந்துவிடும். இவற்றிற்கெல்லாம் மேலாக எலி. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் வைக்கோலும் பஞ்சும் கொண்டுவந்து குடும்பம் நடத்தும். போகிறபோக்கில் ஒயர்களையும் கடித்து வைக்கும். சைலன்சரின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

எவ்வாறு பார்ப்பது?

வண்டி பார்க்கச் செல்வோர் செய்யும் முதற்செயல் கிக்கரை உதைப்பது. அதுவே செய்யத் தகாத செயல். துருவினால் ஒட்டிய பிஸ்டனை உதைத்து இழுத்தால் வளையம் உடையும். சிலிண்டரில் கீறல் விழும். தொட்டியிலுள்ள துரு கார்புரேட்டருக்குள் இறங்கும். ஆகவே முதல் அரை மணி நேரம் வண்டியைக் கண்ணாலும் கையாலும் மூக்காலும் மட்டுமே பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில், தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று. அவருக்கு அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள், அப்பணம் வீண்போகாது. தரகர் அழைத்துவரும் மெக்கானிக் தரகருக்கே உரியவர் என்பதை மறவாதீர்கள்.

தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். கைவிளக்கை அடித்து அடிப்பாகத்தை நோக்குங்கள். செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் அது துரு. லேசான துருவாயின் கழுவிச் சரிசெய்யலாம். தொட்டியின் அடிப்புறத்தில் வெளியே வர்ணம் கொப்புளித்திருந்தால் ஓட்டை விழும் நாள் தொலைவில் இல்லை.

அடுத்து எண்ணெய். எண்ணெய் பார்க்கும் குச்சியையோ கண்ணாடியையோ நோக்குங்கள். கறுப்பாக இருப்பது பெருங்குறையன்று. மோர் கலந்ததுபோல் வெளுத்திருப்பின் உள்ளே நீர் சேர்ந்துள்ளது என்று பொருள்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பன. '3418' என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன்கள் தேயாமல் புதிதுபோலத் தோன்றினாலும், வயது முதிர்ந்து வெடித்த டயரை நம்பிச் சாலையில் இறங்கலாகாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் குழாய்களின் பளபளப்பான பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். துருப்புள்ளிகள் நெருடினால் அவை சீலை அறுத்து எண்ணெயைக் கசியவிடும். கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கட்டிதட்டிய கிரீஸினால் இடையிலே பிடித்து நிற்கக்கூடும். செயினைத் தூக்கி வளைத்துப் பாருங்கள். கணுக்கள் விறைத்திருந்தால் செயினையும் பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற நேரும்.

இனிப் பிரேக். டிரம் பிரேக்கில் காலணிபோல் வளைந்த இரு கட்டைகளின்மேல் லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். நெடுநாள் ஈரத்தில் நின்றால் அது கட்டையை விட்டுப் பெயரக்கூடும். டிஸ்க் பிரேக்கில் உள்ள எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சுவதே. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றத்தக்கது. அது பழுப்பேறியிருந்தால் உள்ளே பிஸ்டனும் இறுகியிருக்கலாம்.

இவையெல்லாம் பார்த்தபின்னரே என்ஜினிடம் வர வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே இரண்டு தேக்கரண்டி என்ஜின் எண்ணெயை ஊற்றி, இயன்றால் ஓர் இரவு விட்டுவையுங்கள். மறுநாள் பிளக்கைப் போடாமலேயே மேல் கியரில் இட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுழற்றுங்கள். வழுவழுப்பாகச் சுழன்றால் நல்லது. அசையவில்லையெனில் வலிந்து முயலாதீர்கள். என்ஜினைப் பிரித்து, சிலிண்டர் கடைந்து, பிஸ்டன் மாற்ற வேண்டிய வண்டி அது என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுழன்றால், பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றி, தொட்டியை நம்பாமல் சிறு குப்பியிலிருந்து புதுப் பெட்ரோலைக் குழாய் வழியே விட்டு, அதன்பின் ஓடவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் சிறிது வெண்ணிற ஆவி வருவது ஈரத்தினால்; சில நிமிடங்களில் நின்றுவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால், நான்கு வீச்சு வண்டியாயின், எண்ணெய் எரிகிறது என்று அறிக. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது.

விற்பவர் இத்தனைக்கும் இசைவாரா என்று கேட்பீர்கள். ஓரிரவு பொறுக்க மாட்டேன் என்பவரிடம், "அப்படியாயின் ஓடாத வண்டியின் விலைக்கே வாங்குவோம்" என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அதுவே நியாயமான விலை.

வெள்ளமும் கடற்காற்றும்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். அந்நாட்களில் கணக்கற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றுள் பல கழுவித் துடைக்கப்பட்டு வேற்றூர்களில் விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கையைக் கழற்றி அதன் அடியிலும், ஒயர்கள் இணையும் இடங்களிலும், முன்விளக்கின் உட்புறத்திலும் பாருங்கள். வண்டல் படிந்த கோடு அங்கே தெரியும். இத்தகைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளுக்கு முடிவே இராது.

கடற்கரை ஊர்களில் நின்ற வண்டிக்கு வெள்ளமே வேண்டியதில்லை, உப்புக்காற்றே போதும். மேலே வர்ணம் பூசியிருப்பினும், சேசிஸ் குழாய்களின் அடிப்புறத்தையும், இருக்கைக்குக் கீழுள்ள பற்றவைப்புகளையும், ஸ்டாண்டு பொருந்தும் இடத்தையும் திருப்புளியின் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை எழுந்தால் இரும்பு உயிரோடிருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே உளுத்துவிட்டது.

பெயர்பெற்ற பழைய வண்டிகள்

இளைஞர்களிடையே பழைய வண்டிகளின்மீது ஒரு மோகம் பரவியிருப்பதைக் காண்கிறோம். அவ்வண்டிகளுக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தது. மைசூரில் 1961 முதல் ஜாவாவும் பின்னர் யெஸ்டியும் உருவாயின. அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்றும் விலை இறங்கவில்லை.

இவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் வேலைக்குச் செல்வதற்கு வேண்டிய வண்டி வேறு, ஆசைக்குப் பேணும் வண்டி வேறு. இருவீச்சு வண்டிகள் வெளிவருவது நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அசல் உதிரிப் பாகங்கள் அரியன; போலிகள் மலிந்துள்ளன. பழகிய கைகொண்ட மெக்கானிக்குகளும் குறைந்துவருகின்றனர். வயிற்றுப் பிழைப்புக்காக வண்டி தேடும் குடும்பம், பக்கத்து ஊர்க் கடையிலேயே பாகம் கிடைக்கும் எளிய நான்கு வீச்சு வண்டியைத் தேர்வதே அறிவுடைமை.

விலைக் கணக்கு

மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்து விலை பேசுவர். வண்டி விலையையோ வெளிப்படையாகத் தாளில் எழுதிப் பேசலாம். எடுத்துக்காட்டாக, நின்ற வண்டிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அதே வகையில், அதே ஆண்டில் செய்யப்பட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி 40,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பதினைந்தாயிரம் மிச்சம் என்று மனம் துள்ளும். டயர் இரண்டு, பேட்டரி, செயின், பிரேக் கட்டைகள், கேபிள்கள், தொட்டியும் கார்புரேட்டரும் கழுவும் கூலி, எண்ணெய், இன்சூரன்ஸ் என மெக்கானிக் பட்டியலிட்டுக் கூட்டியது 18,000 ரூபாய். அப்படியானால் இவ்வண்டி 43,000 ரூபாய் வண்டி. 22,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் சமம். பிரித்தபின் தெரியவரும் குறைகளுக்கும் இடம்விட்டால் இன்னும் குறைய வேண்டும். கிலோமீட்டர் காட்டியில் உள்ள சிறிய எண் இக்கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தாள்களைப் பாருங்கள்

இரும்பில் உள்ள குறையைப் பணத்தால் நீக்கலாம். தாளில் உள்ள குறை பல நேரங்களில் பணத்தாலும் நீங்காது.

ஆர்.சி. புத்தகத்திலோ அட்டையிலோ உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். தெளிவில்லையெனில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பும். தேய்க்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால் அவ்வண்டியை அக்கணமே விட்டுவிடுங்கள். அரசின் பரிவாகன் சேவை வழியே வண்டியின் பதிவு நிலை, இன்சூரன்ஸ் நாள் முதலியவற்றைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளவும் இயலும்.

இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியை அலுவலகத்தில் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நின்ற வண்டிகளுள் பல இக்கெடுவைக் கடந்தவை. புதுப்பிக்க ஆகும் தொகை அவ்வப்போது மாறுவதால், வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேட்டறிந்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடனுக்கு வாங்கிய வண்டியாயின் கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-உம் வேண்டும். வேறு மாநில வண்டியாயின் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

"படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பெயர் மாற்றம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர்கள் சொல்வது வழக்கம். இச்சொல்லினால் கலங்கிய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். கணவர் இருந்தபோது வண்டியை விற்றார். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டார். அதனோடு முடிந்தது என்று நினைத்தார். வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ சென்று ஒருவர்மீது மோதியது. இன்சூரன்ஸ் இல்லை. அவர் இறந்து ஓராண்டு கழித்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அறிவிப்பு அவருடைய மனைவியின் கைக்கு வந்தது. கையெழுத்துப் போடவும் தடுமாறும் அத்தாய், "நான் அந்த வண்டியில ஏறக்கூட இல்லையே, சாமி" என்று அழுதார். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. எனவே பெயர் மாற்றம் வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் காப்பு. விற்பவர்கள் வண்டியைக் கொடுத்த நாள், நேரம், வாங்கியவருடைய முகவரி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்வது நலம்.

துணையிழந்தோர் வீட்டு வண்டி

நின்ற வண்டிகளுள் பல, இறந்தவர்களின் வண்டிகள். அவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாட்களுக்குள் அலுவலகத்திற்கு அறிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியே வாரிசின் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதனை யார் நினைப்பார்? ஆண்டுகள் ஓடிவிடும். இறந்தவரின் கையொப்பத்தைத் தாமே போட்டுப் படிவத்தை நிரப்பித் தருவதாகச் சிலர் முன்வருவர். அது பொய்யாவணம், குற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் இசைவு ஆகியவற்றைப் பெற்று, முதலில் வாரிசின் பெயருக்கும் பின்னர் உங்கள் பெயருக்கும் மாற்றுவதே நேரான வழி. வாங்க விரும்புகிறவரே அந்த அம்மாவையோ அக்காவையோ உடன் அழைத்துச் சென்று, வட்டாட்சியர் அலுவலகத்திலும் போக்குவரத்து அலுவலகத்திலும் துணை நின்றால் அது பெரும் உதவி.

விலையிலும் நேர்மை வேண்டும். வண்டியின் மதிப்பை அறியாத ஒருத்தியிடம், அவளுடைய தேவையை அளந்து விலை பேசுவது வாணிகமாகாது. மேலே சொன்ன கணக்குத் தாளை அவர் முன்னே வைத்துப் படித்துக் காட்டுங்கள். குறைகளைச் சொல்லி விலையைக் குறைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மெய்யான குறைகளை மட்டும் சொல்லும் கடமையும் உண்டு. விற்பவர்களுக்கும் ஒரு சொல்: தொட்டி ஒழுகுவதும் வெள்ளம் புகுந்ததும் உங்களுக்குத் தெரியுமாயின் மறைக்காதீர்கள். உங்கள் வண்டியில் இனி ஏறப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

வாங்கியபின்

சில ஆண்டுகளுக்கு முன் கொத்து வேலை செய்யும் இளைஞர் ஒருவர், நான்கு ஆண்டுகள் நின்ற வண்டியை ஒரு தரகரிடம் வாங்கினார். மூன்றாம் உதைக்கு என்ஜின் எழுந்தது. அம்மகிழ்ச்சியில் அன்று மாலையே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். பாலத்தின் இறக்கத்தில் ஆடொன்று குறுக்கே வந்தது. பின்பிரேக்கை மிதித்தார், லைனிங் கட்டையை விட்டுக் கழன்று உருண்டது, சக்கரம் நிற்கவில்லை. தலைக்கவசம் இருந்தமையால் உயிர் தப்பியது. தோள் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கரண்டி பிடிக்க இயலவில்லை. அவருடைய தாயார் காதில் கிடந்ததை அடகு வைத்துக் குடும்பம் நடத்தினார். என்ஜின் ஓடுவதைப் பார்த்தவர்கள், வண்டி நிற்குமா என்று பார்க்கவில்லை.

ஆகவே வாங்கிய வண்டியை ஓட்டி வராதீர்கள். சிறு சரக்கு வண்டியில் ஏற்றி வாருங்கள். இன்சூரன்சும் புகைச் சான்றும் இன்றிச் சாலையில் இறக்குவது சட்டப்படியும் குற்றம். பட்டறையில் முதலில் பிரேக்கையும் டயரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்து கேபிள்கள், செயின், விளக்குகள், சக்கர பேரிங்குகளின் கிரீஸ். என்ஜினின் அழகையும் வர்ணத்தையும் இறுதியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, நாள்தோறும் கசிவு உண்டா, திருகாணி தளர்ந்ததா என்று நோக்குங்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயை மீண்டும் மாற்றிவிடுங்கள். நின்ற காலத்து அழுக்கெல்லாம் அதனோடு வெளியேறும்.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் விபத்தினால் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு வண்டி வாங்கக் கணக்குப் போடும்போது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற இரண்டு தலைக்கவசங்களின் விலையையும் அத்தாளிலேயே எழுதுங்கள். ஒன்று ஓட்டுபவருக்கு, மற்றொன்று பின்னால் அமரும் தாய்க்கோ தங்கைக்கோ.

நின்ற வண்டி தீண்டத்தகாத பொருளன்று. உள்ளே நல்ல இரும்பு இருந்து, தாள்களும் நேராக இருந்து, விலையும் நியாயமாக அமைந்தால், சிறிது பொறுமையும் சிறிது செலவும் அதனைப் பல்லாண்டுகள் உழைக்கச் செய்யும். எத்தனையோ எளிய குடும்பங்கள் இத்தகைய வண்டியினாலேயே தலைநிமிர்ந்துள்ளன. அவசரம் மட்டும் வேண்டாம். நான்கு ஆண்டுகள் நின்ற வண்டி, நீங்கள் பார்த்து முடிக்கும்வரை இன்னும் நான்கு நாட்கள் நிற்பதால் எவருக்கும் நட்டமில்லை.